கப்பல் ஆயாவின் இரண்டு பத்திரங்கள்

என் கொள்ளுப்பாட்டியின் பெயர் இரண்டு பத்திரங்களில் இருக்கிறது. ஒன்று, 1911-இல் ஒன்றரை ஏக்கர் புஞ்சை வாங்கிய கிரயப் பத்திரம். இன்னொன்று, 1923-இல் அதே நிலத்தை மகனுக்கு எழுதி வைத்த தான செட்டில்மெண்ட். முதல் பத்திரத்தில் அவள் 'இன்னார் குமாரத்தி'. இரண்டாவதில் 'காலஞ்சென்ற இன்னார் பாரியாள்'. இடைப்பட்ட 12 வருஷத்தில் அவளுக்கு ஒரு புருஷன் வந்து, செத்தும் போயிருக்கிறான். ஆனால் அந்தக் காலத்தில் ஊரில் அவளுக்குக் கல்யாணமும் நடக்கவில்லை, கருமாதியும் நடக்கவில்லை.

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊர்ப் பெயரும் வராது, சாதியும் வராது. போளூர் வட்டத்தில் ஒரு கிராமம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த நிபந்தனையின் பேரில்தான் வீட்டில் இதை எழுத ஒத்துக்கொண்டார்கள். சாதியை எழுதினால் எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஊரில் அவளைக் கப்பல் ஆயா என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதை இது. கப்பல் ஆயா புருஷனோடு தென்னாப்பிரிக்காவிலுள்ள நெட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனாள். புருஷன் ஆலையில் அடிபட்டுச் செத்துப்போனான். கைக்குழந்தையான என் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். சேர்த்து வைத்த காசில் நிலம் வாங்கினாள். கற்புள்ள விதவை, கெட்டிக்காரத் தாய், உழைத்துச் சேர்த்த நிலம் என்று கதையில் எல்லாம் சரியாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே சரியாக இருந்தது.

அவளைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று மிச்சமிருப்பவர் என் பெரிய அத்தை ஒருவர்தான். 86 வயது. காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மந்தமில்லை. கப்பல் ஆயா சாகும்போது அத்தைக்கு 13 வயது இருக்கும். அத்தை சொல்லும் கப்பல் ஆயா வீட்டுக் கதையில் வருகிறவளைப் போல இல்லை. மக்காச்சோள மாவை உதிரி உதிரியாகக் கிளறி, புளித்த பாலை ஊற்றித் தின்பாள். அதை வீட்டில் வேறு யாரும் தொடமாட்டார்கள். யாராவது கூலியைக் குறைத்துக் கொடுத்தால் தெருவில் நின்று சண்டை போடுவாள். இடது புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுத் தழும்பு. "ஆம்பள மாதிரி நடப்பா கெய்வி. ஆனா நெட்டாலப் பத்திக் கேட்டா மட்டும் வாயே தொறக்கமாட்டா" என்றார் அத்தை.

நான் முதலில் போனது சார்பதிவாளர் அலுவலகத்துக்கு. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்களிடம் பேச்சை ஒலிப்பதிவு செய்வதிலிருந்து தொடங்குவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் நம் ஊரில் பெண்களைப் பற்றி உண்மை தெரியவேண்டுமென்றால் நிலம் கைமாறிய காகிதத்தைப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. வாய்க்கதையில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம். கிரயம் எழுதும்போது, வாங்குகிறவர் யார், யாருக்கு என்ன உறவு, எந்த ஊர், என்ன ஜீவனம் என்று எழுதித்தான் ஆகவேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அத்தனை பழைய காலத்துக்குப் பின்னால் போகாது. அதற்கு மனுக் கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டி, பழைய அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டச் சொல்லவேண்டும். பெயர்வாரியாக ஒன்று இருக்கும், சொத்துவாரியாக ஒன்று இருக்கும். எங்களுக்குச் சர்வே எண் தெரியும் என்பதால் சொத்துவாரி அட்டவணையிலேயே அகப்பட்டது. நகல் வந்தபோது அதைப் படிக்க, அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதுகிற ஒரு பெரியவர் உதவினார். பழைய கையெழுத்தில் புள்ளியே இருக்காது. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். அவர் தடங்கலில்லாமல் ராகத்தோடு வாசித்துக்கொண்டே போனார்: "நெட்டாலிலிருந்து வந்து மேற்படி கிராமத்தில் தற்காலம் வாசமாயிருக்கும் இன்னார் குமாரத்தி, சிவமதம், கூலி ஜீவனம்..." அங்கே நிறுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பொம்பள பேருல வாங்கும்போது புருஷன் பேரு போடாம விடமாட்டாங்களேம்மா. செத்திருந்தாலும் போடுவாங்க" என்றார்.

கிரயத் தொகை 120 ரூபாய். அன்றைக்கு ஒரு பவுனுக்கு 15 ரூபாய், ஆக 8 பவுன். கையெழுத்து இடத்தில் கீறலும் பெருவிரல் ரேகையும்.

இனி நெட்டால் பக்கம். பிரிட்டிஷ் காலனியான நெட்டாலுக்கு முதல் கூலிக் கப்பல் சென்னையிலிருந்துதான் போனது. ட்ரூரோ என்ற அந்தக் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை 1,52,184 பேர் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து போனவர்கள் ஏராளம். நம் பாடப்புத்தகத்தில் நெட்டால் என்றால் காந்தி, தென்னாப்பிரிக்கா என்றால் தில்லையாடி வள்ளியம்மை. கூலிக்குப் போன பெண்கள் அதில் கூட்டமாக வருவார்கள், கூட்டமாகப் போவார்கள்.

ஆனால் காலனி அரசுக்கு அவர்கள் கூட்டமில்லை, கணக்கு. கப்பலை விட்டு இறங்கிய ஒவ்வொருவருக்கும், குழந்தைக்கும்கூட, ஓர் எண் உண்டு. பேரேட்டில் எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம், எந்தத் தோட்டத்துக்குக் கொடுக்கப்பட்டார் என்பதெல்லாம் இருக்கும். செத்தால், ஓடிப்போனால், ஊர் திரும்பினால், ஓரத்தில் அதையும் குறித்திருப்பார்கள். ஆளைக் கட்டிப்போட எழுதிய பேரேடு இது. ஆனால் அந்தத் தலைமுறையில் எங்கள் ஜில்லாவின் ஏழைப் பெண் ஒருத்தியைப் பற்றி இத்தனை விவரம் எழுதி வைத்த பதிவேடு இந்தியாவில் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கப்பல் பட்டியல்களைத் தென்னாப்பிரிக்காவில் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். வீட்டிலிருந்தே தேடலாம்.

தேடலாம் என்று சொல்வது சுலபம். கப்பல் ஆயாவின் பெயர் முனியம்மா, செல்லம்மா வகையைச் சேர்ந்தது. தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கப்பலேறும்வரை கூலிகளைத் தங்கவைத்த டிப்போவில் குமாஸ்தா காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினான், அதைப் பார்த்து நெட்டாலில் இன்னொருவன் எழுதினான். ஒரே பெயர் அரை டஜன் விதமாக நிற்கிறது. போளூர் தாலுகா என்று தேடினால் வயது ஒத்துவரும் ஆள் யாருமே இல்லை. கிரயப் பத்திரத்தில் தகப்பன் பெயர் இருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. அது அத்தனை பரவலான பெயரல்ல. தாலுகாவை விட்டுவிட்டு, ஜில்லா முழுவதிலும் அவள் பெயரையும் தகப்பன் பெயரையும் சேர்த்துத் தேடியபோது சிலர் வந்தார்கள். ஒருத்திக்கு நேரே அங்க அடையாளம்: இடது புருவத்துக்கு மேல் தழும்பு. வயது 22. வந்த வருஷம் 1898. தாலுகா வந்தவாசி.

அத்தைக்கு போன் செய்து, தழும்பு எந்தப் பக்கம் என்று மறுபடி கேட்டேன். "இன்னாத்துக்குமா இதெல்லாம் நோண்டுற?" என்றார். பிறகு, "எடது பக்கம்தான். தல சீவிவுடும்போது நான் கையால தடவுவேன்" என்றார்.

குடும்பமாகக் கப்பலேறியவர்களுக்கு அடுத்தடுத்த எண்களைக் கொடுப்பது வழக்கம். அதனால் அவளுக்கு முந்தைய எண்ணைப் பார்த்தேன். தஞ்சாவூர்க்காரர் ஒருவர், சம்பந்தமில்லாதவர். அடுத்த எண்ணைப் பார்த்தேன். பெண் குழந்தை. வயது 3. பெற்றவர் பெயரிடத்தில் கப்பல் ஆயாவின் எண்.

புருஷன் இல்லை. மகள் இருந்தாள். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் வாயெடுக்காத ஒரு மகள்.

22 வயதுப் பெண், மூன்று வயதுக் குழந்தையோடு, ஆண் துணையில்லாமல் எப்படிக் கப்பலேறியிருக்க முடியும் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. உண்மையில், குழந்தையோடு தனியாக நிற்கிற பெண்ணைத்தான் ஆள்பிடிக்கிறவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். 100 ஆணுக்கு 40 பெண் என்ற விகிதம் விதியாகவே இருந்தது. பெண்கள் குறைந்தால் கப்பல் புறப்படத் தாமதமாகும். ஆண்களை விடப் பெண்களைப் பிடித்து வருவதுதான் கடினமாக இருந்தது. சந்தையிலும் சத்திரத்திலும் கோயில் வாசலிலும் தனியாக நின்ற பெண்களிடம் பேச்சுக் கொடுத்தார்கள். பிறகு அதிகாரி முன்னால் நிறுத்தி, இஷ்டப்பட்டுத்தான் போகிறாயா என்று கேட்டுப் பதிவு செய்யவேண்டும். 1896-97 பஞ்சத்துக்கு அடுத்த வருஷம் அது. புருஷன் செத்தானா, விட்டுவிட்டுப் போனானா, அவளே விட்டுவிட்டு வந்தாளா என்பதைக் கேட்கப் பேரேட்டில் கட்டம் கிடையாது. அவள் ஊர்ப் பக்கம் போய் நானும் விசாரிக்கவில்லை. அங்கே அவள் திரும்பிப் போகவில்லை என்பதே எனக்குப் போதுமான பதிலாகப் பட்டது.

டர்பனுக்கு வடக்கே, வெருலம் பக்கம், ஒரு கரும்புத் தோட்டத்துக்கு அவளை ஒதுக்கினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். பெண்ணுக்கு அதில் பாதி. ரேஷனும் பாதி. 5 ஷில்லிங் என்றால் நம் கணக்கில் 3 ரூபாய் 12 அணா.

கப்பல் பட்டியல் கிடைத்தால் பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். நிற்கக்கூடாது. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் பட்டியலை இணையத்தில் தேடலாம். அதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் இந்தியக் குடியேற்றத் துறைக் கோப்புகள் தலைப்போடு வரும். தலைப்புகளில் எண்கள் இருக்கும் என்பதுதான் முக்கியம். இன்ன எண்ணுள்ள இந்தியப் பெண், கொடுமை பற்றிய புகார். இன்ன எண், மனைவியைச் சேர்த்து வைக்க மனு. ஒவ்வொரு தலைப்பும் ஒரு நாவலின் முதல் வரி. பெயரைப் போட்டால் ஆயிரம் வரும். எண்ணைப் போட்டேன். 1901-ஆம் வருஷத்துக் கோப்பு ஒன்று வந்தது. அங்கே ஆவணங்களைப் படமெடுத்து அனுப்பும் ஒருவரைப் பிடித்து, காசு கட்டி வரவழைத்தேன்.

கோப்பு மெல்லியது. மாஜிஸ்திரேட் முன்னால் அவள் கொடுத்த வாக்குமூலம் ஒரே ஒரு பக்கம். துபாஷி சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: "குழந்தைக்குக் காய்ச்சல். நான் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. சர்தார் அரிசி கொடுக்கவில்லை. துரையிடம் சொன்னேன். துரை சர்தாரிடம் கேட்கச் சொன்னார். சர்தார் துரையிடம் கேட்கச் சொன்னார். நான் புரொடெக்டரிடம் சொல்ல நடந்து போனேன். வழியில் போலீஸ்காரன் பாஸ் எங்கே என்றான்." கடைசியில் ஒரு பெருக்கல் குறி, அதன் இரு பக்கமும் 'அவளுடைய', 'அடையாளம்' என்ற சொற்கள்.

சர்தார் என்பவர் தோட்டத்தில் கூலிகளை வேலை வாங்குகிற மேஸ்திரி. புரொடெக்டர் என்பவர் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர். ஒப்பந்தக் கூலிகளின் குறைகளைக் கேட்பதற்கென்றே அரசு நியமித்த அதிகாரி. அலுவலகம் டர்பனில். ஆனால் தோட்டத்தை விட்டு வெளியே போக முதலாளி கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். முதலாளி மேல் புகார் சொல்லப் போக, முதலாளியே சீட்டு எழுதித் தரவேண்டும். அவளுக்கு 7 நாள் கடுங்காவல். அந்த 7 நாளும் ஆறு வயதுப் பெண் யாரிடம் இருந்தாள் என்று கேட்க மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றவில்லை. அரிசி விஷயம் என்ன ஆயிற்று என்றும் தோன்றவில்லை. கோப்பின் மேல் 'நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கட்டிவிட்டார்கள்.

அத்தைக்கு இதைப் படித்துக் காட்டினேன். ஜெயிலுக்குப் போனாள் என்றதும் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். "கூலி கொறச்சா தெருவுல நிப்பான்னு சொன்னேன் பாரு. அது அங்க கத்துக்கினு வந்ததுதான்."

1903-இல் ஐந்து வருஷம் முடிந்தது. ஊர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. அப்போது நெட்டாலில் 3 பவுன் வரி நடப்பில் இருந்தது. 1895-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர்கள், ஐந்து வருஷம் முடிந்ததும், ஒன்று ஊருக்குத் திரும்பவேண்டும், இல்லை மறுபடி ஒப்பந்தத்தில் சேரவேண்டும், இரண்டும் இல்லையென்றால் தலைக்கு வருஷம் 3 பவுன் கட்டவேண்டும். பெண்களுக்கும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 5 ஷில்லிங் என்றால் வருஷத்துக்கு 60 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். அவளுடைய முதல் வருஷத்துச் சம்பளம் சரியாக 3 பவுன். சுதந்திரமாக ஒரு வருஷம் இருப்பதற்கு விலை, அடிமையாக ஒரு வருஷம் உழைத்த கூலி. இதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. கூலிகள் மறுபடி மறுபடி ஒப்பந்தத்துக்கே வரவேண்டும் என்பதுதான் சட்டம் போட்டவர்களின் ஆசை.

அவள் இரண்டிரண்டு வருஷமாக மறு ஒப்பந்தம் எழுதிக்கொண்டே போயிருக்கிறாள். 1904-இல் என் தாத்தா பிறந்தார். தோட்டத்தில் பிறக்கும் குழந்தைகளையும் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவில் தாயின் எண் இருக்கிறது. தகப்பன் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு. மையைத் தொட்டு அழுத்தி இழுத்த, நீளமான கோடு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நிப்பின் இரண்டு முனையும் விரிந்தது தெரிகிறது.

மகளுக்கு 1908-இல் 13 வயது. இங்கேதான் விஷயம் இறுகுகிறது. 1903-இல் வரிச் சட்டத்தைப் பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். பையனுக்கு 16 வயது, பெண்ணுக்கு 13 வயது ஆனதும் அவர்கள் தலைக்கும் தனியாக 3 பவுன். ஒப்பந்தத்தை விட்டு வெளியே வந்தால் இனி தாய்க்கு 3, மகளுக்கு 3, ஆக 6 பவுன். 1909-இல் மகளுக்குக் கல்யாணம். நெட்டால் சட்டப்படி 13 வயதானால் பெண்ணுக்குக் கல்யாணம் பதிவு செய்யலாம். மாப்பிள்ளை வீட்டார் 1880-களில் வந்தவர்கள். 1895-க்கு முன்னால் வந்த குடும்பம் என்பதால் அந்த வீட்டு ஆண்களுக்கு இந்த வரி கிடையாது. மாப்பிள்ளை தேடும்போது கப்பல் ஆயா எதைப் பார்த்தாள் என்று எனக்கு நிச்சயமாகப் புரிகிறது. நாம் அரசு வேலையைப் பார்ப்பது போல, அவள் வரியில்லாத வீட்டைப் பார்த்திருக்கிறாள்.

1910-இல் கப்பல் ஆயாவின் எண்ணுக்கு நேரே, ஓரத்தில், இந்தியா திரும்பினார் என்ற குறிப்பு. அடுத்த எண்ணுக்கு நேரே எதுவும் இல்லை. தாத்தாவுக்கு அப்போது ஆறு வயது. கைக்குழந்தை இல்லை. ஆறு வயதுப் பையனுக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். ஒரு வருஷத்துக்கு முன்வரை அவனைத் தூக்கி வளர்த்ததே அவளாகத்தான் இருந்திருப்பாள். தாத்தா 78 வயது வரை இருந்தார். பிள்ளைகள் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

திரும்பி வந்தவள் வந்தவாசிப் பக்கம் போகாமல், தன்னை யாருக்கும் தெரியாத போளூர்ப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். கடல் தாண்டிப் போய்த் திரும்பியவர்களைச் சொந்த ஊர் சேர்த்துக்கொள்ளாமல் விரட்டிய கதைகள் நிறைய உண்டு. அடுத்த வருஷமே நிலம் வாங்கினாள். அப்போது அவளுக்குச் சொல்வதற்குப் புருஷன் பெயர் இல்லை. அதனால் தகப்பன் பெயரைச் சொன்னாள். சாதிப் பெயர் சொல்லவேயில்லை. கூலி ஜீவனம் என்றாள். எல்லாம் உண்மை.

1923 பத்திரத்துக்கு வருவோம். தாத்தாவுக்கு 19 வயது. அந்த வருஷம் அவருக்குப் பெண் பார்த்தார்கள். நிலம் பையன் பேரில் இருக்கிறதா என்று பெண் வீட்டார் கேட்டிருப்பார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். அதற்காக எழுதிய செட்டில்மெண்ட்தான் அது. அதில் அவள் விதவையாகிவிட்டாள். கூலி ஜீவனம் பயிர் ஜீவனமாகிவிட்டது. செத்துப்போன புருஷனுக்கு ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயரின் வாலில் ஒரு சாதிப் பட்டமும் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கு எங்கள் குடும்பம் எந்தச் சாதி என்று ஊரில் சொல்கிறார்களோ, அந்தப் பட்டம். கப்பல் பட்டியலில் அவளுக்கு நேரே இருக்கும் சாதி வேறு. கப்பல் பட்டியல் சொல்வதும் வேதவாக்கு அல்ல. கூலிக்குப் போனவர்கள் வாயால் சொன்னதும், குமாஸ்தா காதால் வாங்கியதும்தான் அது. வேலை கிடைக்கவேண்டும் என்று தாழ்த்திச் சொன்னவர்களும் உண்டு, உயர்த்திச் சொன்னவர்களும் உண்டு. எது உண்மைச் சாதி என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வமில்லை. எப்போது மாறியது என்பதில்தான் ஆர்வம். அது மாறிய இடம் கையில் இருக்கிறது. முத்திரைத்தாள், சாட்சிக் கையெழுத்து, பதிவு எண் எல்லாவற்றோடும்.

இதைத் தேடத் தொடங்கியபோது, குடும்பம் அவளைப் பற்றிய உண்மையை வெட்கப்பட்டு மறைத்துவிட்டது, நான் போய் மீட்கிறேன் என்ற நினைப்பு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பத்திரங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. மறைத்தது அவளேதான். குடும்பம் அவள் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். புருஷனைச் செய்தாள், அவனைக் கொன்றாள், சாதியைச் செய்தாள், ஒரு மகளை ஊர் வாயிலிருந்து எடுத்துவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாதவள் இதையெல்லாம் சட்டப்படி பதிவும் செய்துவிட்டாள். அந்தக் காகிதத்தின் பலத்தில்தான் தாத்தாவுக்குப் பெண் கிடைத்தது, என் அப்பா பள்ளிக்கூடம் போனார். நிலத்தை எப்படிச் சேர்த்தாளோ அப்படித்தான் இந்தக் கதையையும் சேர்த்திருக்கிறாள். அதைக் கலைக்க எனக்கு உரிமை உண்டா என்று கேட்டால், அவள் பெயரை விட்டுவிட்டு எழுதும் அளவுக்குத்தான் உண்டு என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அந்த அளவுக்கும் கூடாது என்றார். "பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு இருக்கோம். இப்பப் போயி இத எழுதணுமா? எவனாவது படிச்சிட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவான்" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். 1923-இல் கப்பல் ஆயாவுக்கு இருந்த கவலையேதான் அவருக்கும். அத்தைதான் பஞ்சாயத்து செய்தார்: எழுதட்டும், பேரும் ஊரும் வேணாம்.

அப்புறம் அத்தையே ஒருநாள் கூப்பிட்டார். மகள் விஷயம் அவருக்குள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்களுக்குத் தாய்வீட்டிலிருந்து வருஷா வருஷம் பொங்கல் வரிசை போகும். புடவை, அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து. ஊருக்குத் தெரிந்தவரை கப்பல் ஆயாவுக்கு ஒரே மகன். ஆனால் பொங்கலுக்கு ஜவுளி எடுக்கும்போது ஒரு புடவை கூடுதலாக எடுப்பாளாம். மருமகளுக்கா என்றால் இல்லை. பேத்திகளுக்கா என்றால் அது தனி. போகிக்கு முதல்நாள், தெருவில் தாயில்லாத பெண் யாராவது வாழவந்திருந்தால் அவளைக் கூப்பிட்டு, அரிசி வெல்லத்தோடு கொடுத்துவிடுவாள். இதனால் மருமகளுக்கும் அவளுக்கும் சண்டைகூட வந்திருக்கிறது. "எங்கம்மா கேப்பாங்க, ஊரு பொண்ணுக்கெல்லாம் வரிசை வெக்க நாம இன்னா ஜமீனான்னு. கெய்வி பதிலே சொல்லாது. இப்பதான தெரியுது" என்றார் அத்தை.

இனி அந்தப் பெண்ணின் வம்சத்தைத் தேடவேண்டும். அதில் ஒரு சிக்கல். தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஆங்கில வழக்கப்படி குடும்பப் பெயர் தேவைப்பட்டபோது, பலருக்குக் கப்பலில் வந்த தாத்தாவின் ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. பெருமாள், முனிசாமி, சின்னசாமி எல்லாம் அங்கே ஆண் பெண் வித்தியாசமில்லாமல் பெயருக்குப் பின்னால் வரும். மாப்பிள்ளையின் தகப்பன் பெயரும் அந்த மாதிரிதான். டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்தக் குடும்பப் பெயரோடு எக்கச்சக்கமான பேர் இருக்கிறார்கள். ஒரு வழி, கல்யாணப் பதிவில் இருக்கும் மாப்பிள்ளையின் எண்ணை வைத்துக்கொண்டு, அவர் இறப்புக்குப் பின் சொத்துக் கணக்கு ஏதாவது தாக்கலாகியிருக்கிறதா என்று பார்ப்பது. அந்தக் கோப்புகளில் பிள்ளைகள் பெயர் வரிசையாக இருக்கும்.

இன்னொரு வழி, மரபணுப் பரிசோதனை. அங்குள்ள இந்தியர்கள் நிறையப் பேர் செய்துகொண்டிருக்கிறார்கள். நம் குடும்பங்களில் அதன் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டியிருப்பதால், தூரத்து உறவுகூடக் கிட்டத்து உறவு மாதிரிக் காட்டும். ஆனால் என் விஷயத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வந்தவாசிப் பக்கத்துச் சொந்தங்களோடு எங்களுக்கு இருந்த தொடர்பெல்லாம் கப்பல் ஆயாவோடு அறுந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் எங்களுக்கு வேறு உறவும் கிடையாது. அங்கேயிருந்து பொருந்தி வரும் ஆள், பெரும்பாலும் அந்த மூன்று வயதுக் குழந்தை வழியாகத்தான் வரவேண்டும். தலைமுறையில் எனக்கு மூத்தவர் என்பதால் என்னைவிட அத்தையின் எச்சில்தான் உபயோகம். குழாயில் துப்பவேண்டும், அதற்கு அரைமணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக்கூடாது என்று சொன்னேன். வெற்றிலை போடலாமா என்று கேட்டார். கூடாது என்றதும் யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.